உனக்காக யார் வருவார்கள்? – வாசகர் கேள்வி–பதில்

போன மாதப் பகுதியில், சோமாலியாவிலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த கென்யாவின் தாதாப் அகதி முகாமில் நான் வேலை பார்த்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். 2000 முதல் 2004 வரை அங்கே ஒரு நிவாரண அமைப்பின் தண்ணீர்ப் பிரிவில் இருந்தேன். மோட்டார், ஜெனரேட்டர், குழாய், இவைதான் என் வேலை. அந்தக் கட்டுரையில் ‘ஜரீர்’ மக்கள் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு விளக்கம் தராமல் தாண்டிப் போய்விட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க சோமாலியச் சிறுபான்மைக் கிளைகள், அவர்களுடைய நிலம் பற்றிய கேள்விகள் மட்டும்.

சோமாலியாவில் எல்லாருக்கும் ஒரே மொழி, ஒரே மதம் என்றுதான் படித்திருக்கிறோம். அப்புறம் சிறுபான்மை என்று யாரைச் சொல்கிறீர்கள்? – ஆசிரியர் ஒருவர்

நானும் அப்படித்தான் படித்துவிட்டுப் போனேன். போன முதல் வாரமே அது கலைந்துவிட்டது.

சோமாலியக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே மனப்பாடம் செய்யும் பாடம் ஒன்று உண்டு. அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று மூதாதையர் பெயர்களை வரிசையாகச் சொல்வது. அதற்கு அப்திர்சி என்று பெயர். எட்டு வயதுப் பையன் மூச்சு விடாமல் இருபது பெயர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அந்த வரிசை போய்ச் சேரும் இடம்தான் கிளை. தாரோத், ஹாவியே, திர், இசாக், திகில்–மிரிஃப்லே ஆகியவை பெரிய கிளைகள். இவற்றில் ஒன்றில் போய்ச் சேர முடியாதவர்கள், சேர்ந்தாலும் மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாதவர்கள், சிறுபான்மை.

அவர்களிலும் பலவகை. ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் விவசாயம் செய்யும் ஜரீர் மக்கள். வெளியுலகம் இவர்களைச் சோமாலி பாண்டு என்கிறது. ‘ஜரீர்’ என்றால் சுருட்டை முடிக்காரர்கள் என்று அர்த்தம். மற்றவர்கள் தங்களை ‘ஜிலேஹ்’, மிருதுவான முடிக்காரர்கள், என்று சொல்லிக்கொள்வார்கள். அடுத்து மொகதிஷுவின் பழைய வணிகக் குடும்பங்கள், பெனாதிரி மக்கள். பரவா என்ற கடற்கரை ஊர்க்காரர்கள், கிஸ்மாயோவுக்கு அப்பாலுள்ள தீவுகளில் மீன் பிடிக்கும் பஜூனிகள், இந்த இருவரும் வீட்டில் பேசுவது சுவாஹிலியின் வட்டார வழக்குகள். அப்புறம் தொழிலை வைத்து ஒதுக்கப்பட்ட மதிபான், துமால், யிபிர் மக்கள். இவர்களைச் சேர்த்து வடக்கே கபோயே என்கிறார்கள். ஆக, ஒரே மொழி என்பதும் முழு உண்மை கிடையாது. கீழ் ஜூபாவில் முஷுங்குலி என்று ஒரு பிரிவினர் இன்றும் தான்சானியாவின் சிகுலா மொழியைப் பேசுகிறார்கள்.

எண்ணிக்கை எவ்வளவு என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நம்பத் தகுந்த கணக்கெடுப்பு நடந்து பல தலைமுறை ஆகிறது. 2002-ல் ஐ.நா. அமைப்பு ஒன்று வெளியிட்ட ஆய்வு, மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. மூன்றில் ஒரு பங்கு! அதனால்தான் எனக்குச் ‘சிறுபான்மை’ என்ற சொல்லிலேயே ஒரு சங்கடம். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதைவிட, ஆபத்து வந்தால் ஆயுதத்தோடு வந்து நிற்க ஆள் இல்லாதவர்கள் என்பதுதான் அங்கே அதற்கு நடைமுறைப் பொருள்.

நம் ஊர்ச் சாதி மாதிரியேதான் இருக்கிறதே? – கல்லூரி மாணவி

சில இடங்களில் அப்படியே இருக்கிறது. கபோயே மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதிபான்கள் வேட்டையும் தோல் வேலையும் செய்தவர்கள். துமால்கள் கொல்லர்கள். யிபிர்கள் தாயத்துக் கட்டுபவர்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் யிபிர் வந்தால் சமன்யோ என்று ஒரு காணிக்கை தர வேண்டும், தராவிட்டால் ஆகாது என்பார்கள். பயமும் இளக்காரமும் கலந்த மரியாதை அது. எல்லாரும் முஸ்லிம்கள், ஒரே மசூதியில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் கிடையாது.

மீறினால் என்ன ஆகும்? 2018 செப்டம்பரில் மொகதிஷுவில் ஒரு ஜரீர் இளைஞனும் பெரிய கிளைப் பெண் ஒருத்தியும் விரும்பித் திருமணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் உறவினர்கள் அந்த இளைஞனுடைய நெருங்கிய உறவினர் ஒருவரை உயிரோடு எரித்துக் கொன்றார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படிக்கும்போது நம் செய்தித்தாள்களில் வரும் எத்தனையோ பெயர்கள் என் நினைவில் ஓடின, உங்களுக்கும் ஓடும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அது புரியாமல் நிலப் பிரச்சினை புரியாது. அங்கே அரசாங்கமும் நீதிமன்றமும் எட்டாத இடங்களில் ஹேர் என்ற வழக்காற்றுச் சட்டம்தான் நடக்கிறது. ஒருவன் கொல்லப்பட்டால் கொன்றவனுடைய கிளை மொத்தமும் சேர்ந்து இறந்தவனுடைய கிளைக்கு ‘மக்’ தர வேண்டும், அதாவது இரத்தப் பணம். ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50 என்பது மரபுக் கணக்கு. சரி, இதை வசூலிப்பது எப்படி? தராவிட்டால் பழிவாங்க ஆள் இருக்கிறது என்ற பயம்தான் வசூலிக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்க முடியாத கிளைக்காரன் செத்தால் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகும், கடைசியில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், அல்லது ஒன்றுமே கிடைக்காது. அதே ஆள் பெரிய கிளைக்காரன் ஒருவனுக்குக் காயம் உண்டாக்கிவிட்டால் முழுத் தொகையும் கட்ட வேண்டும்.

அதனால் சிறிய குழுக்கள் பக்கத்திலிருக்கும் பெரிய கிளையின் பெயருக்குள் போய் ஒண்டிக்கொள்வது பல காலமாக நடக்கிறது. ஷேகத் என்பார்கள். ‘நாங்களும் இன்னார்தான்’ என்று சொல்லிக்கொள்வது. பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் அடைக்கலம் கொடுத்த கிளை, நாளைக்கு இந்த நிலமே எங்கள் நிலம் என்று சொன்னால் மறுக்க வாய் இருக்காது.

பெரும்பகுதி வறண்ட மேய்ச்சல் நாடு. அதில் எந்த நிலத்துக்காக இவ்வளவு சண்டை? – ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாடு வறண்டது என்பதால்தான் சண்டை. இருப்பது இரண்டே ஆறுகள், ஜூபாவும் ஷபெல்லேயும். இரண்டும் எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருகின்றன. இரண்டுக்கும் நடுவிலும் கரையிலும்தான் சோளம், எள், வாழை, மா எல்லாம். ஒட்டகம் மேய்ப்பவர்களின் பார்வையில் மண்ணைக் கிளறுவது கௌரவக் குறைவான வேலை. அந்தக் கரையில் குனிந்து வேலை செய்தவர்களைக் கீழாகப் பார்த்தார்கள். அந்தக் கரைக்கு விலை வந்த பிறகு, கரை வேண்டும், ஆள் வேண்டாம் என்ற நிலை.

ஷபெல்லே கரையில் ஆதியிலிருந்தே உழுத கறுப்பின விவசாயிகள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக், மலாவி பகுதிகளிலிருந்து யாவோ, மக்குவா, சிகுலா மக்களை அடிமைகளாகப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்து ஷபெல்லேத் தோட்டங்களில் விற்றார்கள். அவர்களில் பலர் தப்பித்து, ஜூபா கரையின் அடர்ந்த காட்டுக்குள் போய் ஊர் அமைத்தார்கள். அந்தக் காட்டுப் பகுதிக்குக் கோஷா என்று பெயர். ட்செட்ஸி ஈ இருக்கும் காடு என்பதால் மாடு, ஒட்டகம் வைத்திருப்பவர்கள் உள்ளே வரத் தயங்கினார்கள். தப்பியவர்களுக்கு அந்த ஈயே அரண். நசீப் புந்தோ என்ற தலைவரின் கீழ் கோஷா மக்கள் தனி அதிகாரம் மாதிரியே நடத்திய காலமும் ஒன்று இருந்தது.

பிறகு இத்தாலியர்கள் வந்தார்கள். அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். வாழைத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்காதபோது, 1930-களில் அதே மக்களைக் கிராமம் கிராமமாகப் பிடித்துக் கட்டாய வேலை வாங்கினார்கள். 1941-ல் ஆங்கிலேயர் ராணுவ நிர்வாகம் வந்த பிறகுதான் அது நின்றது.

இதையெல்லாம் தாங்கியவர்களிடம் நிலம் மிஞ்சியிருந்தது. அதைப் பறித்தது ஒரு காகிதம்.

1975-ல் ராணுவ ஆட்சியாளர் சியாத் பாரேயின் அரசாங்கம் ஒரு விவசாய நிலச் சட்டம் கொண்டுவந்தது. நிலம் எல்லாம் அரசுடைமை. உழுபவர் பதிவு செய்தால் 50 வருடக் குத்தகை. பாசன நிலம் ஒருவருக்கு 30 ஹெக்டேர் வரை, மானாவாரி 60 வரை. பதியாதவருக்கு உரிமை இல்லை. இரண்டு வருடம் பயிர் செய்யாமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

தாதாபின் முகாம்களில் ஒன்றான இஃபோவில் எனக்குப் பழக்கமான ஒரு ஜரீர் பெரியவர் இருந்தார். ஜூபா கரையிலுள்ள ஜமாமே பக்கத்துக்காரர். ஒருநாள் மோட்டார் ரிப்பேருக்கு உதிரிபாகம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தபோது, குச்சியை எடுத்து மணலில் தன் நிலத்தை வரைந்து காட்டினார். முதலில் ஆற்றின் வளைவு. வளைவுக்கு உள்பக்கம் தஷீக். வெள்ளம் வந்தால் நிறைந்து, வடியும்போது ஈரத்தோடு நிற்கும் பள்ளம் அது. மழை பொய்த்த வருடத்திலும் அதில் ஒரு போகம் எடுத்துவிடலாம். அதற்கு மேலே மழையை நம்பிய மேட்டு நிலம். ஒரு குடும்பத்துக்கு இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று துண்டு துண்டாக இருக்கும். வெள்ளம் ஒன்றை அழித்தால் இன்னொன்று காப்பாற்றும். எந்தத் துண்டில் எத்தனை வருடம் தண்ணீர் நின்றது, எதைத் தரிசாகப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது.

சட்டத்துக்கு இது புரியவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு பதிவு என்றது சட்டம். மூன்று துண்டு வைத்திருப்பவர் எதைப் பதிவது? வெள்ளம் நிற்பதால் தரிசாகக் கிடக்கும் பள்ளம், பயிர் செய்யாத நிலம் ஆகிவிடாதா? பதிவு செய்ய மாவட்ட அலுவலகம், மொகதிஷு என்று எத்தனை நடை, எத்தனை கையெழுத்து, எத்தனை கவர்? எழுதப் படிக்கத் தெரிந்த நகரத்து ஆட்கள், அதிகாரிகளுக்கு வேண்டியவர்கள், நிலத்தை வந்துகூடப் பார்க்காமல் பதிந்துகொண்டார்கள். இந்தப் பெரியவரின் தஷீக் 1980-களில் அப்படித்தான் போயிற்று. கரையில் நின்ற மாமரங்களை அவருடைய அப்பா நட்டார் என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வந்த ஆள் காட்டியது முத்திரை. அதற்கப்புறம் அதே நிலத்தில் அவர் கூலிக்கு யாம்போ பிடித்தார். யாம்போ என்பது அங்குள்ள குட்டைக் காம்பு மண்வெட்டி. குனிந்தபடியே கொத்த வேண்டும்.

பேசி முடித்ததும் மணலில் வரைந்ததைக் கையால் துடைத்துவிட்டு எழுந்து போனார். நான் கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1991 ஜனவரியில் சியாத் பாரே விழுந்தார். அதன் பிறகு நடந்ததை எழுதக் கை நடுங்குகிறது. ஆயுதம் தாங்கிய கிளைப் படைகள் மாறி மாறி ஜூபா, ஷபெல்லே கரைகளுக்குள் புகுந்தன. பைதோவா பக்கம், பெரிய கிளைப் பட்டியலில் இருந்தும் ஆயுத பலம் குறைந்த மிரிஃப்லே விவசாயிகள் தானியத்தைப் பூமிக்கடியில் குழி வெட்டிச் சேமிப்பார்கள், பகார் என்று பெயர். அந்தக் குழிகளைத் தோண்டி எடுத்துப் போனார்கள். ஜரீர் ஊர்களிலும் அதே கொள்ளை. 1992 பஞ்சத்தில் தொலைக்காட்சிகளில் நாம் பார்த்த எலும்புக்கூடு உடல்கள் பெரும்பாலும் இந்த விவசாயிகளுடையவை. உணவு விளைவித்தவர்கள்தான் முதலில் பட்டினியில் செத்தார்கள்.

2011-லும் அப்படியே. ஜூலை 20 அன்று ஐ.நா. பஞ்சம் என்று அறிவித்த முதல் இரண்டு இடங்களில் ஒன்று கீழ் ஷபெல்லே, ஆறு ஓடும் பூமி. மொத்தம் சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. அதில் பாதி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்தச் சாவில் ஜரீர், மிரிஃப்லே மக்களின் பங்கு மிக அதிகம். மற்ற பெரிய கிளைக் குடும்பங்களுக்கு லண்டனிலோ நைரோபியிலோ ஒருவர் இருப்பார், மாதம் நூறு டாலராவது அனுப்புவார். இவர்களுக்கு அனுப்ப ஆளில்லை. பல இடங்கள் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில் இருந்ததால் வெளி உதவியும் போய்ச் சேரவில்லை.

ஜரீர் பக்கமே பேசுகிறீர்கள். பெரிய கிளைக்காரர்கள் எல்லாரும் கொடியவர்களா? – வாசகர்

இல்லவே இல்லை. என்னோடு நான்கு வருடம் பம்ப் ஷெட்டில் வேலை பார்த்தவர் பெரிய கிளையைச் சேர்ந்தவர்தான். தன் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகளையே எதிர்த்துக்கொண்டு ஒரு ஜரீர் குடும்பத்தைத் தன் வேலிக்குள் மூன்று மாதம் வைத்துக் காப்பாற்றியவர்.

இன்னொன்றும் இருக்கிறது. யார் சிறுபான்மை என்பது ஊருக்கு ஊர் மாறும். ஓர் இடத்தில் ஆள்பவன் அடுத்த மாவட்டத்தில் ஒண்ட வந்தவன். ‘குரி’, ‘கல்தி’ என்று இரண்டு வார்த்தை அங்கே அடிக்கடி காதில் விழும். குரி என்றால் மண்ணின் ஆள், கல்தி என்றால் வந்தேறி. யார் முதலில் வந்தார்கள் என்பதுதான் பாதிச் சண்டையின் வாதமே. 2013, 2014-ல் மெர்கா சுற்றுவட்டாரத்தில் பியமால் கிளைக்கும் ஹபர் கிதிர் கிளைக்கும் பெரிய மோதல் நடந்தது. பியமால்கள் அந்தப் பகுதியில் காலங்காலமாக இருப்பவர்கள், இத்தாலியரை எதிர்த்துப் போரிட்டவர்கள். ஹபர் கிதிர் ஆட்கள் 1991-க்குப் பிறகு ஆயுதத்தோடு வந்து தோட்டங்களைப் பிடித்தவர்கள் என்பது பியமால் தரப்பு. இருவரிடமும் துப்பாக்கி இருந்தது, இருவருக்கும் மொகதிஷுவில் பேச ஆள் இருந்தது. நடுவிலிருந்த ஜரீர் கிராமங்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கின. அவர்களுக்காகப் பேச யாரும் இல்லை.

4.5 என்று ஒரு கணக்கு அடிக்கடி வருகிறது. அது என்ன? – போட்டித் தேர்வு எழுதுபவர்

2000-ல் ஜிபூட்டியின் ஆர்த்தா ஊரில் நடந்த சமாதான மாநாட்டில் வந்த ஏற்பாடு. அதிகாரத்தை நான்கு பெரிய கிளைகளுக்குச் (இசாக்கைத் திர் கிளையோடு சேர்த்து ஒன்றாக எண்ணுகிறார்கள்) சமமாகப் பிரித்துவிட்டு, மற்ற எல்லாச் சிறுபான்மையினருக்கும் சேர்த்து அரைப் பங்கு. 2004-ல் அமைந்த நாடாளுமன்றத்தின் 275 இடங்களில் நான்கு கிளைகளுக்குத் தலா 61, சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து 31.

அதற்கு முன் எதுவுமே இல்லாமல் இருந்தவர்களுக்கு இது ஒரு கதவு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் தெரியும், ஏற்க மனசு வரவில்லை. மனிதனை அரை என்று சட்டத்தில் எழுதிவைத்த பிறகு, நிலத் தகராறில் பஞ்சாயத்துக்கு உட்காரும் பெரியவர் அவனை முழு ஆளாகவா பார்ப்பார்? அந்த 31 இடங்களுக்கும் பெரிய கிளைகளின் தயவில் ஆள் வருவதாக ஜரீர் நண்பர்கள் குறைப்பட்டுக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். 2024-ல் நாடாளுமன்றம் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற முறையை நோக்கி அரசியல் சட்டத்தைத் திருத்தியது. நாடு தழுவிய நேரடித் தேர்தல் கடைசியாக நடந்தது 1969-ல்.

அகதி முகாமில் எல்லாரும் ஒரே நிலைதானே? அங்கேயும் பாகுபாடு இருந்ததா? – வாசகி

இருந்தது அம்மா. நான் போட்ட குழாயிலேயே இருந்தது.

இஃபோவில் தண்ணீர் காலை நேரத்தில்தான் விடுவோம். பெண்களும் பிள்ளைகளும் இருட்டிலேயே வந்து மஞ்சள் எண்ணெய்க் கேன்களை வரிசையில் வைப்பார்கள். ஒரு ஜரீர் சிறுமி, பத்து வயது இருக்கும், நாலு கேனோடு தினமும் முதல் ஆளாக வருவாள். ஒன்பது மணிக்கு நான் ரவுண்டு போகும்போதும் நின்றுகொண்டிருப்பாள். கேன்கள் வரிசையின் கடைசியில் இருக்கும். யாரும் அவளை அடித்ததை நான் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக வந்து காலால் அவள் கேனைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். குழாய்க் கமிட்டியில் கேட்டேன். “அவர்கள் கடைசியில் பிடிப்பார்கள், அதுதான் வழக்கம்” என்றார்கள். அந்தக் கமிட்டியில் பன்னிரண்டு பேர். பெரியவர்கள் கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டவன் நான். ஒரு ஜரீர்கூட அதில் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இரண்டு வருடம் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

சரி, அவர்கள் பகுதிக்கே தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். இழுத்துக் குழாய் வைத்த மூன்றாம் இரவு பைப்பை வெட்டிவிட்டார்கள். ஒட்டினோம். மறுபடி வெட்டினார்கள். அப்புறம் ஜமாமே பெரியவர் என்னிடம் வந்து, “இந்தக் குழாயை எடுத்துவிடுங்கள்” என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார்: தண்ணீருக்குச் சண்டை வந்தால், நாளைக்கு விறகு பொறுக்க வேலிக்கு வெளியே போகும் எங்கள் பெண்களை யார் காப்பாற்றுவார்கள்?

கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அவர்தான். பக்கத்துப் பகுதியில் ஓரளவு நல்லவிதமாகப் பழகும் ஒரு கிளைப் பெரியவரிடம் போனார். குழாய் உங்களுடையது என்று சொல்லிவிட்டார். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் பிடிப்பது, பிறகு ஜரீர் வீடுகள். அதன் பின் அந்த பைப்பை யாரும் தொடவில்லை. நான் பதித்த கம்பியும் சிமெண்டும் காப்பாற்றாத குழாயை, இன்னொருவர் பெயர் காப்பாற்றியது. அந்தச் சிறுமி ஏழு மணிக்கெல்லாம் வீடு திரும்பினாள்.

ஜமாமே பெரியவர் அன்று மாலை என்னிடம், “நிலத்தையும் இப்படித்தான் வைத்திருந்தோம்” என்றார்.

அமெரிக்கா ஜரீர் மக்களை மட்டும் ஏன் மொத்தமாக அழைத்துக்கொண்டது? – வாசகர்

மொத்தமாக என்பது சரியில்லை. சுமார் 12,000 பேர்தான். முதலில் மொசாம்பிக் தன் பழைய மக்கள் என்று ஏற்பதாக இருந்தது. உள்நாட்டுப் போரிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த ஏழை நாடு, முடியவில்லை என்று விட்டுவிட்டது. 1999-ல் அமெரிக்கா முன்வந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பினாலும் முகாமில் இருந்தாலும் இவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் காரணம். நேர்காணலைத் தாதாபில் வைத்தால் ஆபத்து என்று, 2002-ல் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றி நாட்டின் இன்னொரு மூலையிலுள்ள காகுமா முகாமுக்குக் கொண்டு போனார்கள். 2003 முதல் விமானம் ஏறத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களில் ஒரு வினோதம் நடந்தது. ‘அதோன்’, அதாவது அடிமை, என்று திட்டிக்கொண்டிருந்தவர்களில் சிலரே, தாங்களும் ஜரீர் என்று சொல்லிப் பட்டியலில் இடம் வாங்கப் பார்த்தார்கள். பசிக்காக ரேஷன் அட்டையை விற்றுவிட்டு, பின்னால் தன் பெயரில் வேறு யாரோ போவதைப் பார்த்து நின்ற ஜரீர் குடும்பங்களும் உண்டு. விற்றவரையோ வாங்கியவரையோ குறை சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாருக்கும் அங்கிருந்து போக வேண்டும் என்றுதான் இருந்தது.

முஷுங்குலி மக்களில் ஒரு பகுதியினர் தான்சானியாவின் தாங்கா பகுதிக்கே திரும்பினார்கள். சோகோ என்ற குடியிருப்பில் நிலம் கிடைத்தது, பலருக்குக் குடியுரிமையும் கிடைத்தது. தாத்தாக்கள் பிடித்துச் செல்லப்பட்ட பூமி. அங்கே போனபோது பக்கத்து ஊர்க்காரர்களின் பேச்சு தங்கள் பேச்சு மாதிரியே இருந்ததாம்.

நிவாரண அமைப்பு ஒன்றின் மூலம் சோமாலியா போகப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? – இளம் பொறியாளர்

தம்பி, போய் இறங்கிய அன்றே “நீங்கள் என்ன கிளை?” என்று யாரையும் கேட்காதே. தானாகத் தெரியவரும். ‘அதோன்’, மதிபான்களை இழிவாகச் சொல்லும் ‘மித்கான்’ என்ற சொற்களை மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுவது காதில் விழும். உன் வாயில் வரக் கூடாது. அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அப்படியே சொல்.

கமிட்டிப் பட்டியல் கையில் வந்ததும் பெயர்களை எண்ணாதே, யார் இல்லை என்று பார். தண்ணீர்க் குழாயின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார். பெண்களிடம் தனியாகக் கேள். ஆண்கள் “பிரச்சினை ஒன்றும் இல்லை” என்பார்கள். பெண்கள் எந்த நேரத்தில், எந்தப் பாதையில் பிரச்சினை என்று சொல்வார்கள்.

மொகதிஷுவிலும் பைதோவாவிலும் இன்று முகாம்களில் இருப்பவர்களில் பெரும்பங்கு ஆற்றங்கரையை விட்டு வந்த ஜரீர், மிரிஃப்லே மக்கள். அந்த முகாம்கள் பெரும்பாலும் தனியார் நிலத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு காவல்காரர் போன்ற இடைத்தரகர் இருப்பார். முகுலால் மதோ, கறுப்புப் பூனை, என்று மக்கள் பேர் வைத்திருக்கிறார்கள். வரும் உதவியில் அவருக்கு ஒரு பங்கு போகும். அவர் இல்லாமல் அந்த மக்களுக்குத் தங்க இடமும் இல்லை, அதையும் மறக்காதே. மனை விலை ஏறினால் நிலத்துக்காரர் புல்டோசர் கொண்டுவருவார். 2017 டிசம்பர் கடைசியில் மொகதிஷு ஓரத்தில் இரண்டே நாளில் 20-க்கும் மேற்பட்ட முகாம்களை இடித்தார்கள். 4,000-க்கும் அதிகமான குடும்பங்கள். குடிசைகளோடு, உன்னைப் போன்ற பொறியாளர்கள் கட்டிய கழிவறைகளும் பள்ளிக்கூடங்களும் போயின.

நல்லதும் நடக்கிறது. பைதோவாவில் பர்வாகோ என்ற இடத்தில் அரசு பொது நிலத்தை ஒதுக்கி, 2019-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை நிலப் பத்திரம் தருகிற ஏற்பாட்டோடு குடியமர்த்தினார்கள். அதைப் போய்ப் பார். பத்திரம் யார் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலுமா, ஊர்ப் பெரியவர்கள் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்களா என்று கேள். 1975 பத்திரங்களில் அந்த ஊர்க்காரர் யாருடைய கையெழுத்தும் இருந்திருக்காது.

உன்னை ஒரு முகாமில் கழிவறை கட்டச் சொல்வார்கள். குழி வெட்டும் முன்பே நிலத்துக்காரரைத் தேடிப் போ. இந்த மக்கள் இங்கே எத்தனை வருடம் இருக்கலாம் என்று எழுதி வாங்கு. அவர் கிளைப் பெரியவர் ஒருவரும், முகாமில் இருக்கும் ஜரீர் பெரியவர் ஒருவரும் அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். மூன்று பிரதி எடு. ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று நிலத்துக்காரருக்கு. மூன்றாவதை அந்த ஜரீர் பெரியவர் கையில் கொடு. மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடு.